பாதுகாப்புச் சட்டங்கள்: எவ்வளவு அதிகாரம் என்பதா கேள்வி, யார் சரிபார்ப்பது என்பதா?

கீழ்வானம் எழுதியது:

ஒரு குண்டுவெடிப்போ படுகொலையோ நிகழ்ந்த சூட்டோடு சூடாக நிறைவேற்றப்படும் சட்டங்களைப் பற்றி நிதானமாகப் பேச வேண்டும் என்று இந்த இழையைத் தொடங்குகிறேன். இத்தகைய விவாதங்கள் வழக்கமாக ஒரே இடத்தில் போய் முட்டி நிற்கும். நாடே இல்லாவிட்டால் உரிமை எதற்கு என்பார் ஒருவர். உரிமை இல்லாத நாட்டைக் காத்து என்ன பயன் என்பார் மற்றவர். இரண்டிலும் நியாயம் இருப்பதால் யாரும் தம் இடத்தைவிட்டு நகர்வதில்லை. அரசுக்கு எவ்வளவு அதிகாரம் தரலாம் என்று அளந்துகொண்டிருப்பதைக் கொஞ்சம் நிறுத்திவிட்டு, தந்த அதிகாரம் எந்தத் தேதியில் முடியும், அது முறையாகப் பயன்படுத்தப்பட்டதா என்று அரசுக்கு வெளியே இருக்கும் ஒருவர் அதே கோப்பைத் திறந்து பார்க்க முடியுமா என்று கேட்டால் விவாதம் உருப்படியாக நகரும் என்பது என் கருத்து.

1974 நவம்பர் 21 அன்று பர்மிங்காமில் இரண்டு மதுக்கூடங்களில் குண்டுகள் வெடித்து 21 பேர் இறந்தனர். எட்டு நாட்களில், நவம்பர் 29 அன்று, பிரிட்டனின் பயங்கரவாதத் தடுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டது. தற்காலிகச் சட்டம் என்று அதன் தலைப்பிலேயே எழுதியிருந்தது. திரும்பத் திரும்ப நீட்டிக்கப்பட்டும் புதிதாக இயற்றப்பட்டும் அது கால் நூற்றாண்டு வாழ்ந்தது. பிறகு 2000ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட நிரந்தரச் சட்டம் அதன் இடத்துக்கு வந்தது. அந்தக் குண்டுவெடிப்புக்காக 1975இல் ஆயுள் தண்டனை பெற்ற ஆறு பேரின் தண்டனை 1991இல் ரத்தானது. அவர்கள் சிறையில் கழித்த அந்தக் காலமெல்லாம் உண்மையில் குண்டு வைத்தவர்கள் வெளியில் நடமாடினார்கள் என்பதை, பாதுகாப்பை முதன்மையாகக் கருதுவோர் எண்ணிப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இலங்கையின் பயங்கரவாதத் தடைச் சட்டமும் 1979இல் தற்காலிக ஏற்பாடாகத்தான் வந்தது. மூன்றாண்டுகளில் காலாவதியாகியிருக்க வேண்டிய அது, 1982இல் நிரந்தரமாக்கப்பட்டது. அமைச்சரின் ஆணை ஒன்றே ஒருவரைப் பதினெட்டு மாதங்கள் வரை தடுத்துவைக்கப் போதுமானதாக இருந்தது. அந்தக் காலவரம்பு 2022இல்தான் பன்னிரண்டு மாதங்களாகக் குறைந்தது. பிரான்சில் 2015 நவம்பரில் பிறப்பிக்கப்பட்ட நெருக்கடி நிலை 2017இல் விலக்கிக்கொள்ளப்பட்டபோது, அதன் முக்கியமான அதிகாரங்கள் பல சாதாரணச் சட்டத்துக்குள் இடம்பெயர்ந்திருந்தன. இந்தியாவில் 1985இல் வந்த தடா என்ற பயங்கரவாதத் தடுப்புச் சட்டம், காலக்கெடு இருந்த காரணத்தாலேயே 1995இல் முடிவுக்கு வந்தது. 2002இல் வந்த பொடாவுக்கும் காலக்கெடு இருந்தது; அது 2004இல் நீக்கப்பட்டபோது அதன் விதிகளில் பல, சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டமான, எந்தக் காலக்கெடுவும் இல்லாத ஊபாவுக்குள் சேர்க்கப்பட்டன.

ஆகவே நான் கேட்பது, அரசு ஆபத்துக் காலத்தில் கூடுதல் அதிகாரம் பெறலாமா என்பதன்று. பெறலாம், சில வேளைகளில் பெற்றே தீர வேண்டும். ஆனால் ஆபத்து நீங்கிய பிறகு அதைத் திருப்பித் தர வைக்கும் பொறிமுறை எது என்பதே என் கேள்வி.


காவலரண் எழுதியது:

புலனாய்வோடு தொடர்புடைய நிர்வாகப் பணியில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் மறுப்பைப் பதிவு செய்கிறேன். கீழ்வானம் அடுக்கிய எடுத்துக்காட்டுகள் எல்லாம் அரசு அளவுக்கு மீறிச் செயல்பட்டவை. அரசு கைகட்டி நின்றதால் இறந்தவர்களின் பட்டியலை உரிமை ஆர்வலர்கள் எழுதுவதே இல்லை.

2001 செப்டம்பர் 11 தாக்குதலில் ஈடுபட்டவர்களில் இருவர், அமெரிக்க வெளிநாட்டு உளவு அமைப்பு முன்பே அறிந்துவைத்திருந்தவர்கள். அவர்கள் 2000 ஜனவரியில் அமெரிக்காவுக்குள் நுழைந்தார்கள். அவர்களின் பெயர்கள் கண்காணிப்புப் பட்டியலில் ஏறியதோ 2001 ஆகஸ்ட் மாதக் கடைசியில். உளவுத் தகவலைக் குற்றப் புலனாய்வாளரிடம் தருவதற்கு இருந்த கட்டுப்பாடுகளும், அந்தக் கட்டுப்பாடுகளை அதிகாரிகள் உள்ளதைவிடக் கடுமையாகப் புரிந்துகொண்டதும் அந்தத் தாமதத்துக்குக் காரணங்களாக இருந்தன. குடிமக்களைக் காப்பதற்காக எழுப்பிய சுவர் அது. அதற்கும் ஒரு விலை இருந்தது.

உரிமைகளில் தலையாயது உயிர்வாழும் உரிமை. அதைக் காக்கத் தவறும் அரசும் உரிமை மீறும் அரசுதான். இதை நான் என் துறைக்காக வாதாடிச் சொல்லவில்லை. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. 2004இல் பெஸ்லான் பள்ளியில் முந்நூறுக்கும் மேற்பட்டோர் இறந்த வழக்கில், அப்பகுதியில் தாக்குதல் நடக்கவிருப்பதாக முன்கூட்டியே தகவல் கிடைத்திருந்தும் ரஷ்ய அரசு போதிய தடுப்பு நடவடிக்கை எடுக்கவில்லை என்று 2017இல் அது தீர்ப்பளித்தது. நீங்கள் மேற்கோள் காட்டும் அதே மனித உரிமைச் சட்டம், தகவல் இருந்தும் சும்மா இருந்தால் எங்களைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துகிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். உளவுத் தகவல் என்பது சாட்சியம் அன்று. அது துண்டு துண்டாக வரும்; பாதி பொய்யாக இருக்கும்; தந்தவரின் பெயரை வெளியிட்டால் மறுநாள் அவர் உயிரோடு இருக்க மாட்டார். நீதிமன்றத்தில் ஐயத்துக்கு அப்பால் நிரூபித்த பிறகுதான் கைவைக்கலாம் என்றால், குண்டு வெடித்த பிறகுதான் நிரூபிக்க முடியும்.


எண்மாலை எழுதியது:

காவலரண் ஐயா எடுத்துக்காட்டிய 2001ஆம் ஆண்டு நிகழ்விலிருந்து நான் வேறு முடிவுக்கு வருகிறேன். தகவல் கையில் இருந்தது, பெயர்கள் தெரிந்திருந்தன; ஒரு அலுவலகத்திலிருந்து மற்றோர் அலுவலகத்துக்குத் தாள் நகரவில்லை. அதற்கு மருந்து அந்தச் சுவரில் ஒரு வாசல் வைப்பது. ஆனால் அடுத்து நடந்தது, எல்லா மக்களின் தொலைபேசி அழைப்பு விவரங்களையும் மொத்தமாகத் திரட்டியது. அதை 2013இல் அமெரிக்க உளவு அமைப்பின் முன்னாள் ஒப்பந்தப் பணியாளர் ஸ்னோடன் வெளிப்படுத்தினார். அமெரிக்க அரசே அமைத்திருந்த தனியுரிமை மற்றும் குடிமை உரிமைகள் மேற்பார்வை வாரியம் அதன்பின் ரகசியக் கோப்புகளையும் ஆராய்ந்துவிட்டு, 2014 ஜனவரியில் அறிக்கை தந்தது. அமெரிக்காவுக்கு எதிரான அச்சுறுத்தல் தொடர்பான எந்தவொரு பயங்கரவாதத் தடுப்புப் புலனாய்விலும் அந்தத் திட்டம் முடிவை மாற்றியதாகத் தாங்கள் காணவில்லை என்று அந்த அறிக்கை கூறியது.

ஏன் அப்படி ஆனது என்பதைக் கணக்கு விளக்கும். எண்கள் நானாக வைத்துக்கொண்டவை. பத்துக் கோடிப் பேர் வாழும் நாட்டில் ஆயிரம் பேர் உண்மையில் ஆபத்தானவர்கள் என்று கொள்வோம். எவரையும் 99 விழுக்காடு துல்லியத்தோடு இனம் காணும் கணினி முறை ஒன்று நம்மிடம் இருக்கிறது என்றும் கொள்வோம். அவ்வளவு துல்லியம் நடைமுறையில் கனவு. அந்த முறை ஆயிரத்தில் 990 பேரைச் சரியாகப் பிடிக்கும். மீதமுள்ள பத்துக் கோடியில் ஒரு விழுக்காடு, அதாவது ஏறத்தாழ பத்து லட்சம் அப்பாவிகளையும் சேர்த்துப் பிடிக்கும். சந்தேகப் பட்டியலில் ஏறும் ஆயிரம் பேரில் ஒருவர்தான் உண்மையான ஆள். அந்தப் பத்து லட்சம் பேரை விசாரிக்க வேண்டிய அதிகாரிகள், ஏற்கெனவே பெயர் தெரிந்த இருவரைத் தொடர்ந்து செல்ல வேண்டியவர்கள் அல்லவா? இங்கே உரிமையை விற்றுப் பாதுகாப்பை வாங்கவில்லை. இரண்டையும் ஒருசேர இழந்தார்கள்.

எல்லாக் கண்காணிப்பும் வீண் என்று நான் சொல்லவில்லை. குறிப்பிட்ட ஆள்மீது, குறிப்பிட்ட காரணத்தோடு, அனுமதி பெற்றுச் செய்யும் கண்காணிப்புக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.


காவலரண் எழுதியது:

மொத்தமாகத் திரட்டுவது வேறு, குறிவைத்துக் கண்காணிப்பது வேறு என்பதை ஏற்கிறேன். களத்தில் இருப்பவர்களும் இதையே சொல்வார்கள். குப்பையைக் கொட்டிவிட்டு அதில் தேடு என்றால் யாருக்கும் உவப்பில்லை. ஆனால் என் இரண்டாவது கருத்துக்கு விடை வரவில்லை. சாட்சியமாக முன்வைக்க முடியாத, ஆனால் நம்பத்தகுந்த தகவல் ஒருவரைப் பற்றிக் கிடைத்தால், அவரை என்ன செய்வது?


சான்றாவணம் எழுதியது:

வழக்குரைஞர் என்ற முறையில் இதற்கு விடை சொல்ல முயல்கிறேன். "நம்பத்தகுந்த தகவல்" என்று அரசு சொன்னால் நீதிமன்றங்கள் அதை எப்படி எடுத்துக்கொண்டன என்பதை முதலில் பார்க்க வேண்டும், ஏனென்றால் முழுச் சிக்கலும் அங்கேதான் இருக்கிறது.

1942 பிப்ரவரி 19 அன்று அமெரிக்க அதிபர் பிறப்பித்த ஆணையின்படி, மேற்குக் கடற்கரையில் வாழ்ந்த ஜப்பானிய வம்சாவளியினர் ஏறத்தாழ 1,20,000 பேர் வீடு வாசலை விட்டு முகாம்களுக்கு அனுப்பப்பட்டனர். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் அந்நாட்டுக் குடிமக்கள். ஃப்ரெட் கோரெமாட்சு என்ற இளைஞர் வெளியேற மறுத்துத் தண்டனை பெற்றார். 1944இல் உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற பெரும்பான்மையில் அவருடைய தண்டனையை உறுதிசெய்தது. ஒவ்வொருவரின் விசுவாசத்தையும் தனித்தனியாக விசாரித்துப் பிரிக்க அவகாசம் இல்லை என்பது அரசின் நிலைப்பாடு. நீதிபதிகள் அதை நம்பினார்கள்.

ஏறக்குறைய நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு, இளம்வயதில் தானே முகாமில் அடைக்கப்பட்டிருந்த ஐகோ ஹெர்சிக் யோஷினாகா என்ற பெண்மணி அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகத்தில் கோப்புகளைப் புரட்டிக்கொண்டிருந்தார். மேற்குக் கடற்கரைப் படைத்தளபதியின் இறுதி அறிக்கையினுடைய முதல் வடிவம் அவர் கண்ணில் பட்டது. அச்சிட்ட அறிக்கையில் அவகாசம் இல்லை என்று இருந்தது. முதல் வடிவத்திலோ அவகாசம் ஒரு பொருட்டே அன்று, எவ்வளவு காலம் கொடுத்தாலும் இந்த மக்களில் நல்லவர் யார், கெட்டவர் யார் என்று பிரிக்கவே இயலாது என்ற பொருளில் எழுதியிருந்தது. அதாவது, காரணம் அவசரம் அன்று. இனம் குறித்த முன்முடிவு. நீதிமன்றத்தில் அது எடுபடாது என்று உணர்ந்த போர்த்துறை அறிக்கையைத் திருத்தி எழுத வைத்து, பழைய படிகளைத் திரும்பப் பெற்று எரித்திருந்தது. எரியாமல் எஞ்சிய படி அவர் கையில் கிடைத்தது. பெரும்பான்மையினரால் எந்த ஆபத்தும் இல்லை, ஐயத்துக்குரியவர்களைத் தனித்தனியாக விசாரித்தால் போதும் என்ற கடற்படை உளவு அதிகாரி ஒருவரின் மதிப்பீடும் நீதிமன்றத்தின் பார்வைக்குப் போகாமல் நிறுத்தப்பட்டிருந்தது பின்னர் தெரியவந்தது. 1983இல் கோரெமாட்சுவின் தண்டனை ரத்து செய்யப்பட்டது. 1988இல் உயிரோடிருந்த ஒவ்வொருவருக்கும் 20,000 டாலர் இழப்பீட்டோடு அரசு மன்னிப்புக் கேட்டது. அந்த 1944ஆம் ஆண்டுத் தீர்ப்பு தவறு என்று உச்ச நீதிமன்றம் சொல்ல 2018 ஆக வேண்டியிருந்தது.

காவலரண் ஐயா, உளவுத்துறையின் நேர்மையை நான் இங்கே ஐயுறவில்லை. கவனியுங்கள்: உளவு அதிகாரி சரியாகத்தான் சொன்னார். அவர் சொன்னதை மறைத்து, அவர் துறையின் பெயராலேயே வேறொன்றைச் சொன்னார்கள். மறுதரப்பு கோப்பைப் பார்க்க வழியிருந்தால் முதலில் காப்பாற்றப்பட்டிருப்பது அந்த அதிகாரியின் உழைப்புத்தான்.

இந்தியாவில் 1976 ஏப்ரல் 28 அன்று வந்த ஜபல்பூர் வழக்குத் தீர்ப்பு பலருக்கும் தெரிந்தது. நெருக்கடி நிலையில், விசாரணையின்றித் தடுத்துவைக்க வழிசெய்த மிசா சட்டத்தின் கீழ் அடைக்கப்பட்டவர்கள் ஆட்கொணர்வு மனுவோடு நீதிமன்றத்தை அணுகலாம் என்று ஒன்பது உயர் நீதிமன்றங்கள் கூறியிருந்தன. உச்ச நீதிமன்றத்தில் விசாரணையின்போது நீதிபதி எச்.ஆர். கன்னா, ஒரு காவல் அதிகாரி சொந்தப் பகையால் ஒருவரைக் கொன்றுவிட்டால்கூட நிவாரணம் கிடையாதா என்று கேட்டார். நெருக்கடி நிலை நீடிக்கும் வரை கிடையாது என்றே அரசின் தலைமை வழக்குரைஞர் விடையளித்தார். நீதிபதிகள் நால்வர் அதை ஏற்றனர். கன்னா ஒருவர் மட்டும் மறுத்தார். அடுத்த ஆண்டு தலைமை நீதிபதி பதவி அவரைத் தாண்டி இளையவர் ஒருவருக்குப் போனது. நெருக்கடி நிலையிலும் உயிர் வாழும் உரிமையை முடக்க முடியாது என்று 44ஆவது திருத்தம் 1978இல் அரசியல் சட்டத்தில் எழுதியது. அந்தத் தீர்ப்பு 2017 ஆகஸ்டில் தனியுரிமை வழக்கின்போதுதான் முறைப்படி தூக்கி எறியப்பட்டது.


தளிர் எழுதியது:

சட்டம் படிக்கும் மாணவி நான். எல்லோருடைய பதிவுகளையும் கவனமாகப் படித்தேன். எனக்கு இரண்டு ஐயங்கள் உள்ளன. தவறு செய்யாதவர் எதற்கு அஞ்ச வேண்டும், மறைக்க ஒன்றும் இல்லாதவரைக் கண்காணித்தால் என்ன கெட்டுவிடும் என்று என் வகுப்பிலேயே பலர் கேட்கிறார்கள். அவர்களுக்கு நான் என்ன சொல்வது? அடுத்தது, ரகசியக் கோப்பை எதிர்த்தரப்புக்குக் காட்டாமல், முத்திரையிட்ட உறையில் நீதிபதிக்கு மட்டும் தந்தால் போதாதா? நீதிபதியும் அரசுக்கு வெளியே உள்ளவர்தானே?


சான்றாவணம் எழுதியது:

இரண்டாவது ஐயத்துக்கு நான் விடை சொல்கிறேன். முதலாவதைக் கீழ்வானத்திடம் விடுகிறேன்.

முத்திரையிட்ட உறை நீதிபதியின் நேர்மையைக் கெடுப்பதில்லை, ஆனால் அவர் கண்ணைக் கட்டிவிடுகிறது. கோப்பில் "இன்ன நாளில் இன்ன ஊரில் இன்னாரைச் சந்தித்தார்" என்று ஒரு வரி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நாளில் தாம் மருத்துவமனையில் படுத்திருந்ததை மெய்ப்பிக்கக்கூடியவர் உலகத்தில் ஒருவர்தான். அவருக்கோ அந்த வரி காட்டப்படுவதில்லை. நீதிபதி எவ்வளவு கூர்மையானவராக இருந்தாலும், தமக்குத் தெரியாத மருத்துவமனைச் சீட்டைக் கேட்டு வாங்க முடியாது.

இதற்குப் பிரிட்டன் 1997இல் ஓர் ஏற்பாடு செய்தது. பாதுகாப்புச் சோதனையில் தேறிய தனி வழக்குரைஞர் ஒருவர் ரகசியக் கோப்பை முழுமையாகப் படித்து, தடுத்துவைக்கப்பட்டவரின் நலனுக்காக மூடிய அறையில் வாதாடுவார். நல்ல ஏற்பாடுதான், ஆனால் கோப்பைப் படித்த பிறகு, நீதிமன்றத்தின் அனுமதியின்றி அவர் தம் கட்சிக்காரரோடு பேசக்கூடாது. கேட்க வேண்டிய கேள்வி மனத்தில் எழும்போது, கேட்க வேண்டிய ஆளிடம் கேட்கும் உரிமை போய்விடுகிறது. இந்தக் குறை பல ஆண்டுகள் நீடித்தது. 2009இல் ஐரோப்பிய நீதிமன்றமும் அதைத் தொடர்ந்து பிரிட்டனின் உச்ச மேல்முறையீட்டு மன்றமும், குறைந்தபட்சம் குற்றச்சாட்டின் சாரத்தையாவது, அதை மறுத்துத் தம் வழக்குரைஞருக்குச் சொல்லிக்கொடுக்கும் அளவுக்கு, அந்த ஆளிடம் தெரிவித்தே ஆக வேண்டும் என்று தீர்ப்பளித்தன. தகவல் தந்தவரின் பெயர் வேண்டாம், தகவல் வந்த வழியும் வேண்டாம், சாரம் வேண்டும். காவலரண் ஐயா கேட்ட கேள்விக்கு இன்றைக்கு என்னிடம் உள்ள மிகச் சிறந்த விடை இதுதான்.

இந்திய உச்ச நீதிமன்றமும் 2023 ஏப்ரல் 5 அன்று, மலையாளத் தொலைக்காட்சி ஒன்றின் உரிமம் பாதுகாப்புக் காரணம் காட்டிப் புதுப்பிக்கப்படாத வழக்கில், உறையில் தந்த காரணத்தை மறுதரப்புக்குச் சொல்லாமல் விட்டது இயற்கை நீதிக்கு முரண் என்று கூறி அந்த முடிவை ரத்து செய்தது. தேசியப் பாதுகாப்பு என்ற சொல்லைச் சொன்ன மாத்திரத்தில் நீதிமன்றம் ஒதுங்கிக்கொள்ளாது என்று 2021 அக்டோபரில் பெகாசஸ் உளவு மென்பொருள் வழக்கில் சொன்னதன் தொடர்ச்சியாகவே அதைப் பார்க்கிறேன்.


கீழ்வானம் எழுதியது:

தளிர், உங்கள் வகுப்புத் தோழர்களிடம் இதைக் கேளுங்கள்: எதை மறைக்க வேண்டும், எது தவறு என்பதை முடிவுசெய்வது யார்? பாரிஸில் 2015 நவம்பரில் 130 பேர் கொல்லப்பட்ட பிறகு அறிவிக்கப்பட்ட நெருக்கடி நிலை, அதே மாதம் முடிவதற்குள் காலநிலை மாநாட்டையொட்டிப் போராடத் திட்டமிட்ட சூழலியல் ஆர்வலர்களை வீட்டுக்காவலில் வைக்கப் பயன்பட்டது. அவர்களுக்கும் அந்தப் படுகொலைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. தவறு செய்யாத மனிதருக்கும் மருத்துவரிடமும் வழக்குரைஞரிடமும் சொன்னவை இருக்கின்றன. ஊழலைப் பற்றிச் செய்தியாளரிடம் தகவல் சொன்ன எழுத்தர் எந்தக் குற்றமும் செய்யவில்லை. ஆனால் யார் யாரிடம் எத்தனை நிமிடம் பேசினார் என்ற பட்டியல் அவருடைய மேலதிகாரியின் மேசைக்குப் போகக்கூடும் என்றால் அவர் பேசவே மாட்டார். பேசாமல் போனவர்களை யாரும் கணக்கெடுக்க முடியாது என்பதால்தான் இந்த இழப்பு எந்த அறிக்கையிலும் வருவதில்லை.

இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. பொதுவாக நாம் "கொஞ்சம் சுதந்திரத்தை விட்டுக்கொடுத்துக் கொஞ்சம் பாதுகாப்பைப் பெறுகிறோம்" என்று பேசுகிறோம். விட்டுக்கொடுப்பவரும் பெறுபவரும் ஒருவராக இருந்தால் அந்தப் பேச்சில் நியாயம் இருக்கும். நடைமுறையில் பெரும்பான்மையினர் பெறுகிறார்கள், சிறுபான்மையினர் கொடுக்கிறார்கள். 2001 தாக்குதலுக்குப் பின் பிரிட்டன் இயற்றிய சட்டம், குற்றச்சாட்டு இன்றியும் கால வரம்பின்றியும் ஒருவரைச் சிறைவைக்க வழிசெய்தது. ஆனால் வெளிநாட்டவரை மட்டும். 2004 டிசம்பர் 16 அன்று ஒன்பது நீதிபதிகளில் எட்டுப் பேர் அதை ஏற்க மறுத்தனர். ஒரே ஆபத்து குடிமகனிடமிருந்தும் வரும்போது வெளிநாட்டவரை மட்டும் அடைப்பது எப்படித் தேவையாகும் என்பது அவர்களின் கேள்வி. அதற்கடுத்த ஆண்டு ஜூலையில் லண்டனில் 52 பேரைக் கொன்ற நால்வரில் மூவர் பிரிட்டனிலேயே பிறந்தவர்கள். அந்தச் சட்டம் அநீதியானது மட்டுமன்று; ஆபத்து எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதையே தவறாகக் கணித்திருந்தது.

வட அயர்லாந்தில் 1971 ஆகஸ்டில், விசாரணையின்றிச் சிறைவைக்கும் திட்டத்தின் முதல் வேட்டையிலேயே 342 பேரைப் பிடித்துச் சென்றார்கள். ஏறத்தாழ எல்லோரும் ஒரே சமூகத்தினர், சந்தேகப் பட்டியலோ பழையது. அமைதி வருவதற்குப் பதிலாக, அடுத்த ஆண்டு அந்த மோதலின் வரலாற்றிலேயே அதிக உயிர்கள் பலியான ஆண்டாயிற்று. ஒரு சமூகம் முழுவதையும் சந்தேகித்த பிறகு, அந்தச் சமூகத்துக்குள்ளிருந்து யார் முன்வந்து காவல்துறைக்குத் தகவல் சொல்வார்கள்? காவலரண் ஐயாவைப் போன்றவர்களுக்கு வர வேண்டிய தகவலின் ஊற்றுக்கண்ணே அடைபட்டுப் போகிறது. ஒரு சட்டத்தை எடைபோட எனக்கு உதவும் அளவுகோல் இது: அதை ஆதரித்து வாக்களிப்பவர், தம் மகனுக்கும் தம் தெருவுக்கும் அதே விதி பொருந்தும் என்றால் அப்போதும் வாக்களிப்பாரா?


காவலரண் எழுதியது:

கடைசி வரியில் உள்ள அளவுகோலை நானும் ஏற்கிறேன். சாரத்தைச் சொல்வது என்ற சான்றாவணத்தின் விடையையும் பெரும்பாலான வழக்குகளில் ஏற்க முடியும்; சாரத்தைச் சொன்னாலே தகவல் தந்தவர் யார் என்று தெரிந்துவிடும் வழக்குகள் சில உண்டு, அங்கே அரசு அந்த ஆதாரத்தைக் கைவிட வேண்டிவரும் என்பதை வருத்தத்தோடு ஏற்கிறேன்.

ஆனால் காலக்கெடுவில் உங்களுக்கு இருக்கும் நம்பிக்கை எனக்கு இல்லை. நீங்களே முதல் பதிவில் காட்டினீர்கள்: காலக்கெடு வைத்த சட்டங்கள் நீட்டிக்கப்பட்டன. ஆண்டுக்கொரு முறை சட்டமன்றம் கூடிச் சில மணி நேரத்தில் கைதூக்கி நீட்டித்துவிடும். எந்த உறுப்பினரும் "நான் நீட்டிக்க மறுத்த மறுநாள் குண்டு வெடித்தது" என்ற பழியை ஏற்கத் துணிய மாட்டார். காலக்கெடு இருக்கிறதே என்ற நிம்மதியில் முதலில் கடுமையான சட்டத்துக்கு எளிதாக ஒப்புதலும் கிடைத்துவிடுகிறது. இதற்கு என்ன சொல்கிறீர்கள்?


கீழ்வானம் எழுதியது:

சரியான மறுப்பு. வெறும் தேதி போதாது. தேதியோடு ஒரு கட்டாய விசாரணையும் இணைந்திருக்க வேண்டும். கனடாவை எடுத்துக்கொள்கிறேன். 1970 அக்டோபரில் அங்கே போர்க்காலச் சட்டத்தைப் பயன்படுத்தி நானூறுக்கும் மேற்பட்டோரைக் கைதுசெய்தார்கள். மிகப் பெரும்பாலோர் மீது குற்றச்சாட்டே பதிவாகவில்லை. அந்த அனுபவத்துக்குப் பிறகு 1988இல் வந்த நெருக்கடிகள் சட்டத்தின்படி, பொது ஒழுங்கு நெருக்கடி முப்பது நாட்களில் தானாக முடியும், நாடாளுமன்றத்தின் ஒப்புதல் உடனடியாகக் கேட்கப்பட வேண்டும், நெருக்கடி முடிந்ததும் அது ஏன் அறிவிக்கப்பட்டது என்று பொது விசாரணை நடத்தியே ஆக வேண்டும். விசாரணை வேண்டுமா என்று முடிவுசெய்யும் உரிமை அரசுக்கு இல்லை.

2022 பிப்ரவரி 14 அன்று அந்தச் சட்டம் முதன்முறையாகப் பயன்படுத்தப்பட்டு, பிப்ரவரி 23 அன்று விலக்கிக்கொள்ளப்பட்டது. அமைச்சர்களும் பிரதமரும் விசாரணை ஆணையத்தின் முன் சாட்சிக் கூண்டில் ஏறினார்கள். நெருக்கடி அறிவிக்கச் சட்டம் கேட்கும் நிலைமை இருந்தது என்று ஆணையம் 2023இல் முடிவு சொன்னது. 2024 ஜனவரியில் கூட்டாட்சி நீதிமன்றமோ அறிவிப்பு நியாயமற்றது என்று தீர்ப்பளித்தது. யார் சரி என்பது எனக்கு இங்கே இரண்டாம் பட்சம். பத்தே நாட்கள் பயன்பட்ட அதிகாரத்துக்காக ஓராண்டுக்கு மேல் அரசு பகிரங்கமாக விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. அடுத்த முறை ஓர் அமைச்சர் அந்தக் கோப்பில் கையெழுத்திடும் முன், அந்தச் சாட்சிக் கூண்டு அவர் நினைவுக்கு வரும். பழிக்கு அஞ்சும் உறுப்பினருக்கும் இது துணை செய்கிறது. நீட்டிக்க மறுப்பதற்கு அவர் தம் துணிவை மட்டும் நம்ப வேண்டியதில்லை, விசாரணையின் முடிவைக் காட்டலாம்.


தளிர் எழுதியது:

பிணையைப் பற்றி யாரும் பேசவில்லையே? ஊபா சட்டத்தில் குற்றச்சாட்டு முதல் நோக்கில் உண்மை என்று நீதிமன்றம் கருதினாலே பிணை இல்லை என்று படித்தோம். விசாரணை முடியாமலேயே ஆண்டுக்கணக்கில் சிறையில் இருப்பவர்களுக்கு நீங்கள் பேசிய காலக்கெடுவோ ரகசியக் கோப்பின் சாரமோ எப்படி உதவும்?


சான்றாவணம் எழுதியது:

உதவாது. இந்த இழையில் நாங்கள் விட்டுவிட்ட இடத்தைத் தொட்டிருக்கிறீர்கள். குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யவே 180 நாட்கள் வரை அவகாசம் கிடைக்கிறது. அதன் பின் நூற்றுக்கணக்கான சாட்சிகள், நகராத விசாரணை. இறுதியில் விடுதலையானாலும் போன ஆண்டுகள் திரும்ப வருவதில்லை. 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், ஐந்தாண்டுகளுக்கும் மேல் சிறையிலிருந்த ஒருவரின் வழக்கில், விரைவான விசாரணைக்கான உரிமை மீறப்படும்போது அந்தத் தடையையும் தாண்டி அரசியல் சட்ட நீதிமன்றங்கள் பிணை தரலாம் என்று கூறியது. ஆனால் எத்தனை ஆண்டு கழிந்தால் என்று அது வரையறுக்காததால், ஒவ்வொரு வழக்கும் அதே வாதத்தை முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.


காவலரண் எழுதியது:

பிணையை எளிதாக்குவதில் எனக்கு உடன்பாடு இல்லை. வெளியே வந்தவுடன் சாட்சிகள் மாறிப்போவதைப் பார்த்திருக்கிறேன். தலைமறைவாகி, அடுத்த வழக்கில்தான் மீண்டும் பெயர் தென்பட்டவர்களும் உண்டு. விசாரணையை விரைவுபடுத்துங்கள், தனி நீதிமன்றங்களும் போதிய அரசு வழக்குரைஞர்களும் தாருங்கள் என்பதே என் நிலைப்பாடு. பிணைத் தடையைத் தளர்த்துவது நோய் ஒரு பக்கம் இருக்க மருந்தை வேறு பக்கம் தடவுவதாகும்.


கீழ்வானம் எழுதியது:

விசாரணையை விரைவுபடுத்த வேண்டும் என்பதில் நாம் ஒன்றுபடுகிறோம். அப்படியானால் அந்தக் காலத்தைச் சட்டத்திலேயே எழுதிவிடலாம். குற்றப்பத்திரிகை தாக்கலான நாளிலிருந்து குறித்த காலத்துக்குள் அரசு வழக்கை முடிக்காவிட்டால், தாமதத்துக்குக் குற்றம் சாட்டப்பட்டவர் காரணமாக இல்லாத வரை, பிணைத் தடை தானாக விலக வேண்டும். நிபந்தனைகள் எவ்வளவு கடுமையாக இருந்தாலும் ஏற்கலாம். தனி நீதிமன்றம் அமைக்கும் பொறுப்பும் பணமும் அரசிடம் இருக்கும்போது, அமைக்காததன் விளைவைச் சிறையில் இருப்பவர் சுமப்பது முறையன்று.


காவலரண் எழுதியது:

சாட்சிகளுக்குத் தனிப் பாதுகாப்புத் திட்டம் அதே சட்டத்தில் இடம்பெறும் என்றால் ஒத்துக்கொள்வேன். மூன்றாண்டுகள் என்று எழுதுங்கள். எல்லை கடந்த பணப் பரிமாற்றம் உள்ள வழக்குகளில் வெளிநாட்டு ஆவணம் வந்து சேரவே அவ்வளவு காலம் ஆகிறது.


கீழ்வானம் எழுதியது:

சாட்சிப் பாதுகாப்புக்கு முழு உடன்பாடு. மூன்றாண்டுகளுக்கு இல்லை. வெளிநாட்டு ஆவணம் தேவைப்படும் வழக்குகளில் நீதிமன்றத்திடம் காரணம் காட்டி ஆறு மாதம் கூடுதலாகக் கேட்டுப் பெறலாம். மற்றவற்றுக்கு ஓராண்டு என்பதே என் கணக்கு. இதில் நாம் உடன்படாமலே போகலாம். அதற்காக விவாதத்தை இங்கே நிறுத்த வேண்டாம். விசாரணை நீதிமன்றங்களில் பணியாற்றுவோர் எவரேனும் இதைப் படித்தால், ஒரு வழக்கு உண்மையில் எந்தக் கட்டத்தில் தேங்குகிறது என்பதை எழுதுமாறு வேண்டுகிறேன்.